சேவியர் நாயுடு: ஜெர்மன் மொழியில் சோல் இசை பாடியவரின் எழுச்சியும் சறுக்கலும்

ஜெர்மனியில் கடந்த கால் நூற்றாண்டில் மிக அதிகமாக விற்பனையான இசைக்கலைஞர்களின் பட்டியலை யார் தயாரித்தாலும், அதில் தென்னிந்தியாவில் இருந்து கப்பலேறிய ஒரு குடும்பப் பெயர் இடம்பெறும். அந்தப் பெயர் நாயுடு.

சேவியர் நாயுடு 1971ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, ரைன், நெக்கர் ஆறுகள் கூடும் இடத்தில் உள்ள மான்ஹைம் நகரில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்தவர்கள். தந்தை இந்திய, ஜெர்மன் வழிவந்தவர்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களில் இருந்து வளர்ந்த சோல் இசையை ஜெர்மன் மொழியில் இயல்பாகப் பாடிக்காட்டி, அதற்குப் பத்து லட்சக்கணக்கில் ரசிகர்களைத் தேடிக்கொண்டவர் அவர். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களை நம்பியிராமல் சொந்த நிறுவனத்தில் இருந்து பாடல்களை வெளியிட்டவர். அதே மனிதர்தான் பின்னாளில், ஜெர்மனி என்ற நாடே சட்டப்படி இல்லை என்று வாதிடும் தீவிர வலதுசாரிகளின் கூட்டத்தில் போய் நின்றார்.

குடியேறியவர்களின் பிள்ளை ஒருவர், குடியேறியவர்களை வெறுப்பவர்களின் மேடையில் ஏறியது எப்படி? இந்தக் கேள்வி ஜெர்மனியில் வாழும் தமிழர்களுக்கும் அந்நியமானதல்ல. இவர் நம்மவரா என்று திருமண விருந்துகளிலும் மாலைநேரத் தமிழ்ப் பள்ளிகளின் வாசலிலும் பல ஆண்டுகளாகப் பெருமையோடு கேட்கப்பட்டு வந்த பெயர் அது. 2020க்குப் பின்னர் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பெயரின் பயணம்

நாயுடு என்ற பெயர் மான்ஹைமுக்கு நேரடியாக வந்து சேரவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். அவர்களை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ சென்னையில் இருந்து புறப்பட்டு, 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி டர்பனை அடைந்தது. 1911இல் இந்த ஏற்பாடு நிறுத்தப்படும் வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் அவ்வாறு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தின் தமிழ், தெலுங்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

அங்கே தமிழ் பேசும் குடும்பங்களும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் ஒரே தோட்டத்தில், ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்தன. நாயுடு, கோவிந்தர், பிள்ளை, மூட்லி என்று குடியேற்ற அதிகாரிகளின் பேரேட்டில் எழுதப்பட்ட பெயர்கள், தலைமுறைகள் கடந்தபின் மொழியை அடையாளம் காட்டுவதை நிறுத்திவிட்டன. எனவே சேவியர் நாயுடுவைத் தமிழர் என்று உரிமை கொண்டாடுவதற்குப் பெயர் மட்டும் போதாது. அந்தப் பெயர் எந்தத் துறைமுகத்தின் வழியாக வந்தது என்பதை மட்டும் அதை வைத்துச் சொல்லலாம்.

தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கல் அரசு 1949இல் வெள்ளையருக்கும் பிறருக்கும் இடையிலான திருமணங்களைத் தடை செய்தது. இந்தியர், ஐரோப்பியர், ஆப்பிரிக்கர் என்று மூன்று திசைகளின் இரத்தமும் கலந்த குடும்பங்களுக்கு அந்த நாட்டில் எந்தப் பெட்டியிலும் இடமில்லாமல் போன காலம் அது. நாயுடுவின் பெற்றோர் ஐரோப்பாவை நாடி வந்ததன் பின்னணியை இந்தச் சூழலில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

அமெரிக்கச் சிப்பாய்களின் நகரம்

மான்ஹைம் ஒரு தொழில்நகரம். துறைமுகமும் இயந்திரத் தொழிற்சாலைகளும் நிறைந்த, மூன்று லட்சம் பேர் வாழும் ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க இராணுவத்தின் பெரிய முகாம்கள் அங்கே இருந்தன. அந்தச் சிப்பாய்களில் கறுப்பினத்தவர் கணிசமாக இருந்தனர். அவர்களுக்கான வானொலியும் அவர்கள் சென்ற நடன விடுதிகளும் சோல், ஃபங்க் இசைகளை அந்த வட்டாரத்தின் காற்றில் கலந்துவிட்டன. ஜெர்மானிய இளைஞர்கள் பலரும் மார்வின் கேயையும் ஸ்டீவி வொண்டரையும் முதன்முதலில் கேட்டது இந்த வழியில்தான்.

நாயுடு கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவர். தேவாலயத்திலும் பள்ளியிலும் பாடகர் குழுக்களில் பாடினார். சமையல் தொழிலைக் கற்கத் தொடங்கினார். இரவு விடுதிகளில் வாயிற்காவலராகவும் வேலை பார்த்தார். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று ஆங்கிலத்தில் ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். அது எவராலும் கவனிக்கப்படவில்லை. ஆங்கிலத்தில் சோல் பாடுவதற்கு அமெரிக்காவில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை என்ற எளிய உண்மையை அவர் அங்கே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அவர் திரும்பி வந்த ஜெர்மனி கொந்தளிப்பில் இருந்தது. 1992இல் ரொஸ்டொக் நகரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் தஞ்சக் கோரிக்கையாளர்களும் தங்கியிருந்த கட்டடங்கள் தாக்கப்பட்டன. அதே ஆண்டில் மோல்ன் நகரிலும், 1993இல் ஸோலிங்கன் நகரிலும் துருக்கியக் குடும்பங்களின் வீடுகள் எரிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உயிரிழந்தனர். இந்நாட்டில் தஞ்சம் கோரியிருந்த இலங்கைத் தமிழர்கள் இரவில் தனியே ரயிலேற அஞ்சிய ஆண்டுகள் அவை. மான்ஹைமுக்கு அடுத்த ஊரான ஹைடெல்பெர்கில், குடியேறியவர்களின் பிள்ளைகள் சேர்ந்த ஒரு ராப் குழு, சொந்த நாட்டிலேயே அந்நியராக இருக்கும் நிலையை 1992இல் ஜெர்மன் மொழியில் பாடிப் புகழ் பெற்றது. கறுப்பு இசையின் வழியாக ஜெர்மன் மொழியைத் தங்களுடையதாக்கிக் கொள்ளும் முயற்சி அப்படித்தான் தொடங்கியது.

ஒரு ஒப்பந்தமும் ஒரு தீர்ப்பும்

நாயுடுவின் குரலை முதலில் பயன்படுத்திக்கொண்டவர் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த ராப் கலைஞரும் தயாரிப்பாளருமான மோசஸ் பெல்ஹாம். அவருடைய 3பி நிறுவனத்தில் நாயுடு பின்னணிப் பாடகராக இருந்தார். 1997இல் சப்ரினா செட்லூரின் பாடலொன்றில் அவருடைய குரல் நாடு முழுவதும் ஒலித்தது. 1998இல் அவருடைய முதல் ஜெர்மன் இசைத்தொகுப்பான 'நிஷ்ட் ஃபொன் டீசர் வெல்ட்' வெளிவந்தது. இவ்வுலகைச் சேர்ந்ததல்ல என்பது அதன் பொருள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

அந்தத் தொகுப்பு அதுவரை ஜெர்மன் காதுகள் கேட்டிராத ஒன்று. மெய்யெழுத்துகள் முட்டிமோதும் மொழி என்று அதைப் பேசுபவர்களாலேயே பரிகசிக்கப்படும் ஜெர்மனில், உயிரெழுத்துகளை நீட்டியும் வளைத்தும் பாட முடியும் என்று அவர் காட்டினார். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது அந்தக் குழைவில் ஏதோவொரு பரிச்சயத்தை உணரலாம். அதற்கும் அவருடைய மூதாதையருக்கும் தொடர்பு கற்பிப்பது வீண். அது கறுப்பினத் தேவாலயங்களில் இருந்து கற்ற முறை. பாடல்களின் பொருளும் புதிது: காதலும் கடவுளும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத வகையில் எழுதப்பட்ட வரிகள். ஊழிக்காலம், மீட்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட நகரம் போன்ற விவிலியக் கற்பனைகள் அப்போதே அதில் இருந்தன. ரசிகர்கள் அதைக் கவித்துவம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெற்றிக்குப் பின் பெல்ஹாமுடன் மோதல் வந்தது. இசைத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படலாம். புதிதாக வரும் ஒரு பாடகர் கையெழுத்திடும் ஒப்பந்தம், அவர் பாடிய ஒலிப்பதிவின் உரிமையை நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. எழுதிய பாடலின் உரிமை, மேடை நிகழ்ச்சிகள், நிர்வாகம் ஆகியவையும் அதே கைகளுக்குச் சென்றுவிட்டால், பாடகர் சம்பளமில்லாத ஊழியராக மாறிவிடும் அபாயம் உண்டு. எத்தனை தொகுப்புகள் வரை அவர் கட்டுப்பட்டவர் என்பதைத் தீர்மானிக்கும் விருப்புரிமையும் பெரும்பாலும் நிறுவனத்திடமே இருக்கும்.

இந்த வழக்கு சில ஆண்டுகள் நீடித்தது. 2003ஆம் ஆண்டு கார்ல்ஸ்ரூஹெ மேல்நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் நல்லொழுக்கத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜெர்மன் குடியியல் சட்டத்தின் 138ஆம் பிரிவு, ஒரு தரப்பின் பலவீனத்தைப் பயன்படுத்தி மற்றத் தரப்பு மிகையான ஆதாயம் தேடும் ஒப்பந்தங்களை இரத்துச் செய்ய இடமளிக்கிறது. ஜெர்மன் இசைத்துறை வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

பெல்ஹாமுக்கும் நீதிமன்றங்கள் புதியவை அல்ல. கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாடலில் இருந்து இரண்டு விநாடி நீளமான தாளத் துணுக்கை எடுத்துப் பயன்படுத்தியதற்காக அவர்மீது தொடரப்பட்ட வழக்கு, ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றத்தையும் ஐரோப்பிய நீதிமன்றத்தையும் கண்டு, இருபது ஆண்டுகளைத் தாண்டியும் நடந்தது. நாயுடுவும் பெல்ஹாமும் பின்னர் சமாதானமாகி, முதல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தை 2016இல் சேர்ந்தே வெளியிட்டார்கள்.

சொந்த நிறுவனம், சொந்தக் குழு

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நாயுடு தன் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். 2002இல் அதன் வழியே வெளியான இரட்டைத் தொகுப்பு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. 2003இல் நியூயோர்க்கின் வூ-டாங் கிளான் குழுவைச் சேர்ந்த ரிஸாவுடன் இணைந்து அவர் பாடிய காதல் பாடலும் முதலிடம். 2005இல் 'டெலிக்ராம் ஃபுர் எக்ஸ்', 2009இல் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பு, 2013இல் இன்னொன்று என்று வரிசை நீண்டது.

இதற்கு இணையாக, மான்ஹைமின் மைந்தர்கள் என்று பொருள்படும் 'ஸோனெ மான்ஹைம்ஸ்' என்ற பெரிய குழுவும் இயங்கியது. 1995இல் தொடங்கப்பட்ட அந்தக் குழுவில் பல இனங்களையும் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு கலைஞர்கள் இருந்தனர். அவர்களுடைய முதல் தொகுப்பு 2000இல் ஸியோன் என்ற பெயரில் வந்தது. தங்கள் ஊரைப் புனித நகரமாகக் காணும் நாயுடுவின் கற்பனை அந்தத் தலைப்பிலேயே தெரிந்தது. மான்ஹைம் நகரமும் அவரைக் கைவிடவில்லை. 2003இல் வெகுசன இசைக்கான உயர்கல்வி நிறுவனம் ஒன்று அங்கே திறக்கப்பட்டதற்கும், 2014இல் யுனெஸ்கோ அதை இசை நகரமாக அறிவித்ததற்கும் பின்னால், அந்த ஊரின் பெயரை நாடறியச் செய்த கலைஞர்களில் அவருடைய பங்கு சிறியதல்ல.

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் டெசாவ் நகரப் பூங்காவில் மொசாம்பிக்கில் இருந்து வந்த அல்பெர்டோ அட்ரியானோ நவ-நாஜி இளைஞர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கறுப்பின இசைக்கலைஞர்கள் சேர்ந்து அவருடைய பெயரில் ஒரு பாடலை வெளியிட்டனர். அதன் பல்லவியைப் பாடியவர் நாயுடு. அதற்கு முந்தைய ஆண்டு, 2000 ஜனவரி முதல், ஜெர்மனியின் குடியுரிமைச் சட்டம் மாற்றப்பட்டு, இந்த மண்ணில் பிறந்த வெளிநாட்டவர் பிள்ளைகளும் நிபந்தனைகளுடன் பிறப்பால் குடிமக்களாகும் நிலை வந்திருந்தது. இரத்தமே குடியுரிமை என்ற 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை அப்போதுதான் தளர்ந்தது. புதிய ஜெர்மனிக்கு ஒரு குரல் தேவைப்பட்டபோது நாயுடுவின் குரல் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அதன் உச்சம் 2006. ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்த அந்தக் கோடையில், யூர்கன் கிளின்ஸ்மான் பயிற்றுவித்த தேசிய அணியின் பாடலாகவே ஆகிவிட்டது, கடினமான பாதையைப் பற்றி அவர் முந்தைய ஆண்டு பாடியிருந்த 'டீசர் வெக்'. அணி மூன்றாம் இடத்தையே பெற்றது. ஆனால் போருக்குப் பின் முதன்முறையாகக் கூச்சமின்றிக் கொடியசைத்த ஜெர்மானியர்களின் திறந்த சன்னல்களில் இருந்து ஒரு நாயுடுவின் குரல் கேட்டுக்கொண்டிருந்ததை, அப்போது இங்கே வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இல்லாத நாட்டின் குடிமகன்

எச்சரிக்கைக் குறிகள் முன்பே இருந்தன. 1999இலேயே ஓர் இசை இதழுக்கு அளித்த பேட்டியில், தான் தோல் நிறம் பார்க்காத ஓர் இனவாதி என்ற பொருள்பட அவர் பேசியிருந்தார். இளம் கலைஞரின் உளறல் என்று அது கடந்து செல்லப்பட்டது. 2009ஆம் ஆண்டுத் தொகுப்பின் ஒரு பாடலில், யூத வங்கிக் குடும்பமான ரோத்ஷைல்ட் பெயர் இழிவாகத் திரிக்கப்பட்டிருந்தது. அதுவும் அதிகம் பேசப்படவில்லை.

2011இல் அரசு சார் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில், ஜெர்மனி சுதந்திர நாடல்ல, இன்னும் ஆக்கிரமிக்கப்பட்ட நாடு என்று அவர் கூறினார். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி, ஜெர்மானிய ஒருமைப்பாட்டு நாளன்று, பெர்லினில் 'ரைக்ஸ்பியூர்கர்' எனப்படுவோர் நடத்திய கூட்டத்தில் தோன்றி உரையாற்றினார்.

ரைக்ஸ்பியூர்கர் என்றால் பழைய பேரரசின் குடிமக்கள். போருக்கு முந்தைய ஜெர்மானியப் பேரரசு சட்டப்படி இன்னும் நீடிக்கிறது, இன்றைய கூட்டாட்சிக் குடியரசு வெற்றி பெற்ற வல்லரசுகள் நடத்தும் ஒரு நிறுவனம் மட்டுமே என்பது அவர்களின் வாதம். வரி கட்ட மறுப்பதும் சொந்தமாகக் கடவுச்சீட்டு அச்சிடுவதும் அவர்களின் வழக்கம். இது சட்டப்படி ஆதாரமற்றது: நான்கு நேச நாடுகளும் இரு ஜெர்மனிகளும் 1990 செப்டம்பர் 12ஆம் தேதி கையெழுத்திட்ட உடன்படிக்கை, அடுத்த ஆண்டு மார்ச் முதல் ஜெர்மனிக்கு முழு இறைமையையும் அளித்துவிட்டது. நீண்ட காலம் கிறுக்கர்கள் என்று சிரிக்கப்பட்ட இவர்களில் ஒரு குழுவினர், அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2022 டிசம்பரில் நாடு தழுவிய சோதனைகளில் கைது செய்யப்பட்டனர்.

இதில் ஒரு முரண் உண்டு. கார்ல்ஸ்ரூஹெயில் நாயுடுவை ஒப்பந்தத்தில் இருந்து விடுவித்தது, இல்லை என்று அந்தக் கூட்டத்தினர் சொல்லும் இதே குடியரசின் நீதிமன்றம். அவருக்குச் சுதந்திரக் கலைஞர் என்ற பட்டத்தைத் தந்தது இதே குடியரசின் குடியியல் சட்டம். அந்தப் பேரரசின் 1913ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் டர்பனில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்ற கேள்வியை அந்த மேடையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லப்படுகிறது. அவருடைய இறைநம்பிக்கையைச் சிலர் காரணம் காட்டுகிறார்கள். உலகம் தீய சக்திகளின் பிடியில் இருக்கிறது, விடிவு நெருங்குகிறது என்ற அவருடைய பாடல்களின் அடிப்படைக்கும், மறைமுக ஆட்சியாளர்கள் உலகை நடத்துகிறார்கள் என்ற சதிக் கோட்பாட்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை என்பது உண்மையே. ஆனால் அதே நம்பிக்கையோடு அந்தப் பக்கம் போகாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.

இக்கட்டுரையாளரின் கணிப்பு வேறு. ஒப்பந்தம் ஒன்றில் தான் ஏமாற்றப்பட்டதாக நம்பி, போராடி வென்ற ஒருவருக்கு, ஏமாற்றப்படுகிறோம் என்ற உணர்வு உலகை விளங்கிக்கொள்ளும் சாவியாகிவிட்டது. சொந்த நிறுவனம், சொந்தக் குழு, சொந்த ஊர் என்று அமைந்த வட்டத்துக்குள் அவரைத் தடுத்துக் கேட்கும் நிலையில் எவரும் இருக்கவில்லை. பெரிய நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் வணிக நோக்கத்தில் வெட்டியெறிந்திருக்கக் கூடிய வரிகள், சுதந்திரக் கலைஞரின் தொகுப்பில் அப்படியே அச்சாயின. தொலைக்காட்சிகளோ பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தன. பெர்லின் கூட்டத்துக்குப் பின்னரும் ஒரு பிரபல இசை நிகழ்ச்சியின் தொகுப்பாளராக 2016 வரை அவர் நீடித்தார்.

இரண்டு நாள் நியமனம்

2015ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி, மறுஆண்டின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஜெர்மனியின் சார்பில் நாயுடு பாடுவார் என்று வட ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் அறிவித்தது. வழக்கமான தேர்வுப் போட்டி இல்லாமல் நேரடியாகச் செய்யப்பட்ட நியமனம் அது. எதிர்ப்பு உடனே வெடித்தது. நவம்பர் 21ஆம் தேதி நியமனம் திரும்பப் பெறப்பட்டது. அதைக் கண்டித்து நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்களின் பெயர்களுடன் முன்னணி நாளிதழ் ஒன்றில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அவருக்குப் பதிலாக அனுப்பப்பட்ட பாடகி 2016 போட்டியில் கடைசி இடத்தைப் பெற்றார்.

2017இல் மான்ஹைம் குழுவின் புதிய தொகுப்பில் இடம்பெற்ற 'மரியோனெட்டன்' என்ற பாடல், அரசியல்வாதிகளைக் கயிற்றில் ஆடும் பொம்மைகளாகச் சித்திரித்து, மக்களின் வன்முறைப் பழிவாங்கலை எச்சரித்தது. கயிற்றைப் பிடித்திருக்கும் மறைகரம் என்ற படிமம் யூத வெறுப்புப் பிரசாரத்தில் நூறாண்டு பழமையானது என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர். நகர மேயர் பீட்டர் குர்ட்ஸ் வெளிப்படையாக விளக்கம் கேட்டார். நகரத்துக்கும் அதன் மைந்தர்களுக்கும் இடையே முதல் விரிசல் அது.

அதே ஆண்டு கோடையில், இனவாதத்துக்கு எதிராக இயங்கும் அமடேயு அன்டோனியோ அறக்கட்டளையைச் சேர்ந்த ஒருவர், ஒரு கருத்தரங்கில் கேள்விக்குப் பதிலளிக்கையில், நாயுடு யூத எதிர்ப்பாளர் என்றும் அதை நிறுவ முடியும் என்றும் கூறினார். நாயுடு வழக்குத் தொடர்ந்தார். ரேகன்ஸ்பர்க் நீதிமன்றம் 2018இலும், நியூரெம்பெர்க் மேல்நீதிமன்றம் 2019இலும் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அந்தக் கூற்றைத் திரும்பச் சொல்லத் தடை விதித்தன. ஆனால் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2021 நவம்பரில் எடுத்த முடிவில் அந்தத் தீர்ப்புகளை இரத்துச் செய்தது. பொது விவாதத்தில் தானே விரும்பி இறங்கிய ஒரு கலைஞர், கூர்மையான விமர்சனத்தையும் தாங்கியாக வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. நாயுடு எப்படிப்பட்டவர் என்று அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. அப்படிக் கருதுவதாகச் சொல்லும் உரிமையை மட்டுமே அது பாதுகாத்தது. செய்தித்தாள் தலைப்புகள் சில இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

அந்த அறக்கட்டளையின் பெயருக்குரிய அமடேயு அன்டோனியோ, 1990இல் எபர்ஸ்வால்டெ நகரில் இனவெறிக் கும்பலால் தாக்கப்பட்டு இறந்த அங்கோலா நாட்டவர். அல்பெர்டோ அட்ரியானோவுக்காகப் பாடியவர், அமடேயு அன்டோனியோவின் பெயரில் இயங்கும் அமைப்பைச் சேர்ந்தவரை நீதிமன்றத்தில் எதிர்கொண்டார். இடையில் கழிந்தவை பதினாறு, பதினேழு ஆண்டுகள்.

இன்னொரு பாதை

தென்னாப்பிரிக்கத் தந்தைக்கு ஜெர்மனியில் பிறந்து, சோல் இசையில் பெயர் பெற்றவர் நாயுடு மட்டுமல்ல. 1973இல் பெர்லினில் பிறந்த ஜோய் டெனலானெ அவருக்குச் சமகாலத்தவர். அட்ரியானோ நினைவுப் பாடலைச் சூழ்ந்து உருவான அதே கலைஞர் வட்டத்தைச் சேர்ந்தவர். 2002இல் வெளியான அவருடைய முதல் தொகுப்பான 'மமானி' ஜெர்மன் மொழியிலேயே அமைந்தது. அதிலுள்ள சொவெட்டோ பற்றிய பாடலில் தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற எக்காளக் கலைஞர் ஹியூ மசெகேலா வாசித்தார்.

டெனலானெயும் நெசோலா என்ற சொந்த நிறுவனத்தின் வழியாக இயங்கியவர். நாயுடு அளவுக்கு அவருடைய தொகுப்புகள் விற்கவில்லை. 2017இல் வந்த தொகுப்பில் தன் பெர்லின் இளமையையும் நாட்டில் தலைதூக்கும் இனவாதத்தையும் பாடினார். 2020இல், சோல் இசையின் தாய்வீடான அமெரிக்காவின் மோட்டவுன் முத்திரையுடன் அவருடைய ஆங்கிலத் தொகுப்பு வெளிவந்தது. ஜெர்மன் பாடகி ஒருவருக்கு முன்னெப்போதும் கிட்டாத இடம் அது. தந்தையின் நாட்டை அவர் பாட்டுக்குள் கொண்டுவந்தார். நாயுடுவின் பாடல்களில் டர்பனும் இல்லை, சென்னையும் இல்லை. மான்ஹைம் மட்டுமே உண்டு.

கண்ணீரும் மன்னிப்பும்

2020 மார்ச்சில் நாயுடு குடியேறியவர்களுக்கு எதிரான வரிகளைப் பாடும் காணொளி ஒன்று பரவியது. அப்போது அவர் நடுவராக இருந்த திறமைப் போட்டி நிகழ்ச்சியில் இருந்து ஆர்டிஎல் தொலைக்காட்சி அவரை உடனே நீக்கியது. சில வாரங்களில், குழந்தைகள் நிலவறைகளில் அடைக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்படுவதாகக் கூறும் அமெரிக்கச் சதிக் கதையை நம்பி அவர் கண்ணீர் விடும் காணொளி வந்தது. கொரோனா பெருந்தொற்றுக் காலம் முழுவதும் டெலிகிராம் செயலியில் இத்தகைய செய்திகளை அவர் பரப்பினார். அந்த மாதங்களில் தமிழ்க் குடும்பங்களின் கைப்பேசிக் குழுக்களிலும் இதே கதைகள் தமிழாக்கம் பெற்று உலவின என்பதால், அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு நமக்குப் பெரிய தகுதி எதுவும் இல்லை.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி, சுமார் மூன்று நிமிடக் காணொளி ஒன்றில் அவர் மன்னிப்புக் கேட்டார். தன் மனைவி உக்ரைனைச் சேர்ந்தவர் என்றும், அங்கே ரஷ்யா தொடங்கிய போர் தன்னை உலுக்கியதாகவும், தவறான பாதையில் சென்றுவிட்டதாகவும் கூறினார். சதிக் கோட்பாடுகளில் இருந்தும் இனவாதத்தில் இருந்தும் விலகுவதாக அறிவித்தார். யூத அமைப்புகளின் பிரதிநிதிகள் அதை வரவேற்றாலும், சொல்லுக்குப் பின் செயல் வேண்டும் என்றனர். அதன்பின் அவர் நீண்ட மௌனம் காத்தார்.

2024 ஜூலையில் மான்ஹைம் அரசு வழக்குத் தொடுப்பு அலுவலகம், பெருந்தொற்றுக் காலப் பதிவுகள் தொடர்பாக அவர்மீது வெறுப்பைத் தூண்டியதாகக் குற்றச்சாட்டுத் தாக்கல் செய்திருப்பது தெரியவந்தது. யூத இனப்படுகொலையை மறுக்கும் உள்ளடக்கங்களைப் பகிர்ந்ததும் அதில் அடங்கும். ஜெர்மனியில் அது தண்டனைக்குரிய குற்றம். அவருடைய வழக்கறிஞர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். குற்றச்சாட்டு என்பது தீர்ப்பு அல்ல என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

2025இல் அவர் மேடைக்குத் திரும்பப்போவதாக அறிவிப்பு வெளியானது. இடம், கோலோன் நகரின் மிகப்பெரிய உள்ளரங்கு. நாள், டிசம்பர் 16. நுழைவுச்சீட்டுகள் விற்ற வேகத்தைக் கண்டு ஏற்பாட்டாளர்கள் 17ஆம் தேதியையும் சேர்த்துக்கொண்டார்கள்.